கேட்டைத் தாண்டினால்

"இன்னும் கொஞ்சம் சாச்சிப் புடிங்க" என்றான் நாகப்பன்.

பாடை கட்ட வந்தவர் மூங்கில் சட்டத்தைச் சாய்த்துப் பிடித்தார். காருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே அது ஒருக்களித்து நுழைந்து, காரின் கதவுப்பிடியில் உரசி, ஒருவழியாகக் கேட்டுப் பக்கம் தலையை நீட்டியது.

"வந்துடுச்சே."

"வெறும் பாடை வந்துச்சு" என்றார் அவர். "இப்டி ஒருக்களிச்சினா மேல கீறவரு கீழ வந்துடுவாரு."

உள்ளே கூடத்தில் பெஞ்சின் மேல் கிடத்தப்பட்டிருந்த கஜபதி இதைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை. தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். காலையில் குழாயடியில் பக்கெட்டைத் தூக்கியவர், அதைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் தானும் உட்கார்ந்து, அப்படியே போய்விட்டார். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை என்பதை அவர் மனைவி ராணி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அழுகைக்கு நடுவே அந்தத் தகவலை மட்டும் அவள் தெளிவாகச் சொன்னாள்.

ராணி, நாகப்பனின் கூடப் பிறந்த அக்கா. அதனால் கஜபதி அவனுக்கு மாமா. மாமனும் மச்சானும் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேறு வேறு கம்பெனிகளில் லேத் ஓட்டினார்கள். ஒரே தொழில், ஒரே குடும்பம், ஒரே டீக்கடை. இத்தனை இருந்தும் சண்டை போடாமல் இருப்பதற்கு அவர்கள் ஒன்றும் மகான்கள் இல்லை.

சண்டை பெரும்பாலும் அந்தக் காரைப் பற்றித்தான்.

பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கஜபதி வாங்கிக்கொண்டு வந்த அன்று அது ஓடியது என்பதற்குச் சாட்சிகள் உண்டு. வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே இருந்த இடத்தில் அதை நிறுத்தினார். இரண்டு பக்கமும் ஓர் ஆள் வயிற்றை எக்கிக்கொண்டு போகலாம். எட்டு நாள் ஓட்டினார். ஒன்பதாவது நாள் முடிவெட்டிக்கொள்ளப் போன கடையில் யாரோ விட்டுப்போன வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றைப் புரட்டினார். அதில் ஒரு கார். அந்தக் காருக்கு அலுமினியச் சக்கரங்கள். நடுவில் பூ விரிந்த மாதிரி, பளபளவென்று. பாதி முடி வெட்டிய தலையோடு எழுந்து வெளிச்சத்துக்குப் போய்ப் பார்த்தார் என்று முடிவெட்டும் ஜெயராமன் இன்றைக்கும் சொல்வான்.

"காசு கீறவன் வாங்கிக்கிறான். லேத் தெரிஞ்சவன் எதுக்கு வாங்கணும்?" என்று கேட்டார் கஜபதி.

நியாயமான கேள்விதான். பதில் தெரிவதற்குள் பழைய இரும்புச் சக்கரங்கள் நான்கையும் கழற்றிப் பட்டரவாக்கத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார். அவை வீட்டில் இருந்தால் மனசு அதிலேயே நிற்குமாம். காரை நான்கு மூலையிலும் செங்கல் அடுக்கித் தூக்கி வைத்தார். அடுத்த மாதமே அடியில் ஒரு கோழி குடித்தனம் வந்தது. பின்னாலிருந்த டிக்கியில் ராணி விறகு அடுக்கினாள். இரண்டு வருஷமாயிற்று. தெருவுக்கு வழி கேட்கிறவர்களிடம் "செங்கல் காரு ஊட்டுக்கு எதிர்ல" என்று சொல்கிற அளவுக்கு அது ஊரில் பெயரெடுத்திருந்தது.

பவுண்டரியில் சொல்லி வட்ட வட்டமாக அலுமினியம் வார்த்து வாங்கினார். வேலை முடிந்த பிறகு தன் முதலாளி நிஜாமுதீன் பாயிடம் அனுமதி கேட்டு, அவர் பட்டறை லேத்திலேயே போட்டுக் கடைந்தார். கஜபதியின் கை பொறுமையான கை. ஆனால் அந்தக் கையில் ஒரு வியாதி இருந்தது. எதையும் முழுசாகச் சீவ மாட்டார். "எடுத்தா ஒட்ட வெக்க முடியாது மச்சான். கொஞ்சம் இருக்கட்டும்" என்பார். பத்து மில்லிமீட்டர் போதும் என்றால் பன்னிரண்டில் நிறுத்திவிடுவார். இந்தக் 'கொஞ்சம் இருக்கட்டும்' லேத்தோடு நிற்கவில்லை. தையல்காரரிடம் சட்டையை ஒரு சுற்றுப் பெரிதாகத் தைக்கச் சொல்வார். ராணி சோறு வடித்தால் இன்னும் ஒரு பிடி. அவர் வீட்டுக் கிணற்றுக் கயிறு, கிணற்றின் ஆழத்தைப் போல ஒன்றரைப் பங்கு.

நாகப்பனுக்கு இது பிடிக்காது. அளவு என்றால் அளவு. ஒரு நாள் டீக்கடையில் பத்துப் பேர் இருக்கும்போது அவன் சொன்னான்: "மாமா, நீ செய்யறது வீல் இல்ல, ஆட்டுக்கல்லு. அது சுத்தும், ஆனா காரு போவாது."

"போவும்."

"அந்த வண்டி அந்த வீலுல உன் ஊட்டு கேட்டைத் தாண்டினா, நான் மீசைய எடுத்துடறேன்."

கடை அடங்கிப்போயிற்று. ஏனென்றால் அது சாதாரண மீசை இல்லை. எஸ்டேட்டில் அவனுக்கு நாகப்பன் என்று பெயர் இருப்பதே சம்பளப் பட்டுவாடா அன்றைக்குத்தான் தெரியும். மற்ற நாளெல்லாம் மீசைதான். "மீசை வந்தானா?", "மீசை கிட்ட கேளு." அந்த மீசையின் இரண்டு முனைகளும் கன்னத்தின் பாதி வரைக்கும் வந்து, அங்கிருந்து மேலே ஏறும்.

கஜபதி டீயை உறிஞ்சிவிட்டு, "எல்லாரும் கேட்டுக்கினீங்க இல்ல?" என்று மட்டும் கேட்டார்.

நான்கு சக்கரமும் போன வருஷமே முடிந்தன. டயர்கூட மாட்டியாயிற்று. ஆனால் காரில் மாட்டவில்லை. கேட்டால், "பினிஷிங் பாக்கி கீது" என்பார். பழைய லுங்கிகளில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். யாரையும் தொடவிடவில்லை. டீக்கடையில் மீசை ஒவ்வொரு நாளும் நலமாக இருந்தது.

இப்போது பாடை வாசலில் நின்றது.

"செவுத்த இடிச்சிடலாம் மாமா" என்றான் லட்சுமணன். கஜபதியின் அண்ணன் மகன். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வந்திருந்தான். கஜபதிக்குப் பையன் இல்லாததால் கொள்ளி வைக்கப் போகிறவன் அவன்தான். அந்தப் பொறுப்பு வந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். "இல்லாங்காட்டி செவுத்துக்கு மேலால தூக்கி அந்தாண்ட கொடுத்துடலாம்."

"செவுத்து மேல தூக்கிக் குடுக்க அவரு இன்னா திருட்டுச் சாமானா?" என்றாள் பக்கத்து வீட்டுத் தாயம்மாள். சாவு வீடுகளில் எது முறை, எது முறையில்லை என்பதில் அந்தத் தெருவுக்கே அவள்தான் கடைசிக் கோர்ட்டு. "தலைவாசல் வழியா, காலு முன்னால போவணும். அதான் முறை. வண்டிய நவுத்துங்கடா."

"எப்டி நவுத்தறது? சக்கரம் இல்லையே."

"ஏன் இல்ல?" என்றாள் தாயம்மாள். "ஊருக்கே தெரியும், கட்டிலுக்கடியில கீது."

எல்லாரும் நாகப்பனைப் பார்த்தார்கள். கேட்டுக்கு வெளியே சாமியானாவின் கீழ் உட்கார்ந்திருந்த டீக்கடைக் கோஷ்டி இன்னும் உன்னிப்பாகப் பார்த்தது. துக்கத்துக்கு வந்தவர்கள்தான். முகத்தில் துக்கமும் இருந்தது. அதற்கு நடுவே அவர்களின் பார்வை அவன் மீசையில் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டு எழுந்ததை நாகப்பன் கவனித்தான்.

அவன் உள்ளே போனான். அக்கா பெஞ்சின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். பெஞ்சுக்கு அடியில் வைத்த ஐஸ்கட்டி உருகி மரத்தூளில் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா. சக்கரத்த எடுக்கணும்."

அவள் கொஞ்ச நேரம் கஜபதியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவரிடம் கேட்டுச் சொல்வது போல.

"எடு" என்றாள். பிறகு, அவன் திரும்பிய பிறகு, "நாகப்பா, மெதுவா எடு. நசுங்கிடப் போவுது."

ஆளுக்கொன்றாக வெளியே கொண்டுவந்தார்கள். நாகப்பன் முதல் லுங்கியை அவிழ்த்தான். அவிழ்த்தவன் அப்படியே குந்தியிருந்தான்.

இரண்டு வருஷமாக அவன் கிண்டல் செய்த சாமானை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கிட்டத்தில் பார்த்தான். நடுவிலிருந்து எட்டு இதழ்கள் விரிந்து விளிம்பைத் தொட்டன. ஒவ்வொரு இதழின் ஓரத்தையும் அரம் போட்டு மழுக்கி, அதற்கு மேல் எமரித் தாள் போட்டுத் தேய்த்திருந்தது. அவன் கை தன்னாலே விளிம்பைச் சுற்றிப் போய்வந்தது. லேத்காரன் விரல் பொய் சொல்லாது. ஓர் இடத்தில்கூட ஏற்றமோ இறக்கமோ இல்லை.

"இன்னா மீசை, எப்டி கீது?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"காத்து கம்மியா கீது" என்றான் நாகப்பன்.

லட்சுமணன் சைக்கிள் பம்பு கொண்டுவந்து காற்றடிக்க ஆரம்பித்தான். கொள்ளி வைக்கிறவன் இதெல்லாம் செய்யலாமா என்று ஒருவர் கேட்க, தாயம்மாள் யோசித்து, செய்யலாம் என்று தீர்ப்பளித்தாள்.

நாகப்பன் கோணிப்பை விரித்து, ஜாக்கியை வைத்து, முன்பக்க இடதுபுறம் காரைத் தூக்கினான். குடியிருந்த கோழி கத்திக்கொண்டு வெளியேறியது. சக்கரத்தை எடுத்து, பிரேக் டிரம்மிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த நான்கு போல்ட்டுகளில் மாட்டினான். துளைகள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தன. கையால் ஒரு சுற்று விட்டான். சக்கரம் ஆடாமல் அசங்காமல் சுற்றியது. வெளியே யாரோ "ஆஹா" என்றார்கள்.

நாகப்பன் நட்டை எடுத்தான். போல்ட்டின் மேல் வைத்துத் திருகினான். நட்டு கையோடு வந்துவிட்டது.

மறுபடியும் வைத்தான். மறுபடியும் வந்தது.

கோணிப்பையில் ஒருக்களித்துப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு துளைக்குள் பார்த்தான். போல்ட் துளைக்குள்ளேயே நின்றுபோயிருந்தது. வெளியே எட்டிப் பார்க்கவே இல்லை. பழைய இரும்புச் சக்கரம் தகடு கனத்தில் இருந்தது. அதற்கு ஏற்ற நீளத்தில்தான் போல்ட். மாமா இந்தச் சக்கரத்தின் நடுப்பாகத்தை இரண்டு விரல் கனத்துக்கு விட்டிருந்தார். கொஞ்சம் இருக்கட்டும் என்று.



அவன் சொன்னது சரிதான். ஆட்டுக்கல்லேதான். சுற்றும், ஆனால் கார் போகாது. எழுந்து போய், 'நட்டு புடிக்க இடமில்ல, இது ஆவாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுவரை இடித்துக்கொள்வார்கள். பந்தயம் அவனுடையது. இன்றைக்கு மாமாவைத் தூக்கிக்கொண்டு போகிற வழியெல்லாம் டீக்கடைக் கோஷ்டி ஒருத்தர் காதில் ஒருத்தர் சொல்லிக்கொண்டே வரும்: "ரெண்டு வருஷம் செஞ்சாரே, போல்ட்டு எட்டலயாம்." சிரிக்க மாட்டார்கள். சாவு வீட்டில் சிரிப்பதில்லை. ஆனால் மூக்கால் ஒரு மூச்சு விடுவார்கள். அந்த மூச்சு போதும், ஒரு லேத்காரனை இரண்டாவது தடவை சாகடிக்க.

"இன்னா மீசை, ஏறுதா?"

"போல்ட்டு துருப்புடிச்சி கீது. தேச்சினு கீறேன், இரு."

போல்ட்டில் துரு இல்லை. கஜபதி கிரீஸ் தடவித் துணி சுற்றி வைத்திருந்தார். நாகப்பன் எமரித் தாளை எடுத்து, சத்தம் கேட்கிற மாதிரி, சும்மா கிடந்த ஜாக்கிக் கம்பியைத் தேய்க்க ஆரம்பித்தான்.

எவ்வளவு நேரம் தேய்த்தானோ. காருக்கு முன்னால் இரண்டு கால்கள் வந்து நின்றன. வெள்ளைக் கைலி, ரப்பர் செருப்பு. பிறகு நிஜாமுதீன் பாயின் தாடி குனிந்து எட்டிப் பார்த்தது.

"நாகப்பா."

"வாங்க பாய்."

"பூந்தமல்லியில இருந்தேன். இப்பத்தான் தகவல் வந்துச்சு." பாய் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, முட்டி மடக்கி, காருக்குப் பக்கத்தில் குந்தினார். ரோஜா மாலையைப் பானெட்டின் மேல் வைத்தார். "நட்டு புடிக்கலையா?"

நாகப்பன் ஜாக்கிக் கம்பியை இன்னும் வேகமாகத் தேய்த்தான்.

"அவருக்குத் தெரியும்பா" என்றார் பாய், தாழ்ந்த குரலில். "போன வருஷம் ஆயுத பூஜைக்கு மொத நாளு ஒண்ணு மாட்டிப் பாத்துட்டாரு. மறுநாள் பட்டறைக்கு வந்து பொரியக்கூட தின்னல. நான் சொன்னேன், பின்பக்கமா வெச்சு ஒரு கடைசல் குடுத்துடுங்க, எறங்கிடும்னு. மாட்டேன்னுட்டாரு."

"ஏன்?"

"கடைஞ்சா அடையாளம் தெரியுமாம். மச்சான் வெர்னியர் வெச்சு அளந்து கண்டுபுடிச்சி, டீக்கடையில ஏலம் போட்டுடுவான்னாரு."

நாகப்பன் எமரித் தாளைக் கீழே வைத்தான்.

பாய் ஜிப்பாப் பையிலிருந்து ஒரு கைக்குட்டை மூட்டையை எடுத்துக் கோணிப்பையின் மேல் வைத்து அவிழ்த்தார். உள்ளே நட்டுகள். சாதாரண நட்டு இல்லை. ஒவ்வொன்றுக்கும் கழுத்து நீளமாக இருந்தது. அந்தக் கழுத்து துளைக்குள்ளே இறங்கி, உள்ளேயே நிற்கும் போல்ட்டைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். மேலே தலை மட்டும் தெரியும். பார்க்கிறவனுக்கு வேண்டுமென்றே செய்த அழகு போல இருக்கும்.

"ஒவ்வொண்ணா செஞ்சாரு. மரை ஓட்டும்போது கண்ணு வேற சரியா தெரியல அவருக்கு. உங்கிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னு எங்கிட்ட வாக்கு வாங்கினாரு. ஆளு போயிட்டா வாக்கும் போயிடுமா இல்லையான்னு பஸ்ஸுல யோசிச்சினே வந்தேன். தெரியல. சரி, நட்டைக் கொண்டாந்துட்டேன்."

நாகப்பன் ஒன்றை எடுத்துத் துளையில் விட்டுத் திருகினான். அது பிடித்தது. அரைச் சுற்று, முக்கால் சுற்று, பிறகு வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று.

"பதினாறு வேணுமே பாய்."

"பாதிதான் ஆச்சு. மீதி கம்பியாவே கீது, லேத்து பக்கத்துல. பொங்கலுக்குள்ள முடிச்சுடலாம்னாரு. முடிச்சு, பக்கத்து சீட்டுல முடிவெட்டற ஜெயராமனை உக்கார வெச்சினு நேரா டீக்கடைக்கே ஓட்டினு வர்றதா பிளான்." பாய் தாடியைத் தடவிக்கொண்டார். "ஜெயராமன் கிட்ட சொல்லியும் வெச்சிட்டாரு. கத்திய தீட்டி வைடான்னு."

நாகப்பன் காருக்கடியில் இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டான். பாய் எட்டிப் பார்க்கவில்லை. எழுந்து மாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஒரு சக்கரத்துக்கு இரண்டு நட்டு. எதிரும் புதிருமாகப் போட்டான். ஒரு சக்கரம் முடிந்து அடுத்தது, அது முடிந்து அடுத்தது. லட்சுமணன் செங்கல்லை உருவிக்கொண்டே, "மாமா, ரெண்டு ஓட்டை காலியா கீதே?" என்றான்.

"அது காத்துக்கு."

"காத்துக்கா?"

"பிரேக்கு சூடாவாம இருக்கறதுக்கு. பாரின் மாடல். நீ செங்கல்ல எடு."

இந்த விளக்கம் லட்சுமணன் மூலமாகக் கேட்டுக்கு வெளியே போனது. டீக்கடைக் கோஷ்டி அதை மரியாதையோடு ஏற்றுக்கொண்டதை நாகப்பன் அடியிலிருந்தே கேட்டான். "கஜபதி அண்ணாத்தே சும்மா செய்ய மாட்டாருப்பா" என்று ஒருத்தர் சொன்னார். போன வாரம் வரைக்கும் அவர் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தவர்.

கடைசி ஜாக்கியை இறக்கினான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஹெரால்டு தரையில் நின்றது. ஸ்பிரிங்குகள் ஒரு முனகல் முனகின.

தாரை தப்பட்டைக்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்ததால் தெருவில் சத்தம் இல்லை. டிக்கியில் விறகு இருந்தது. இறக்க நேரமில்லை, இருக்கட்டும் என்றுவிட்டார்கள். பின்னால் ஏழெட்டுப் பேர் கைவைத்தார்கள். நாகப்பன் டிரைவர் பக்கத்து ஜன்னல் வழியாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வயிற்றை எக்கிச் சுவரோரமாகவே நடந்தான். கண் முழுக்க முன் சக்கரத்தின் மேல் இருந்தது. இரண்டு நட்டு. கையால் செய்த மரை. உள்ளுக்குள், ஒரு தடவைதான் மாமா, ஒரே ஒரு தடவை, என்று சொல்லிக்கொண்டான்.

"தள்ளுங்க. மெதுவா."

சக்கரம் உருண்டது. இதழ்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சுற்றின. வாசல் சாக்கடைப் பாலத்தில் ஏறும்போது லேசாக ஒரு சத்தம் வந்தது. அந்தச் சக்கரம் ஒரு நூல் அளவு ஆடியதை அவன் பார்த்தான். வேறொருவரும் பார்த்தார்.

"மீசை, ஆடுது போல கீதே?"

"ரோடு மேடு பள்ளம்" என்றான் நாகப்பன்.

கார் கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்து, மூக்கைத் திருப்பிக்கொண்டு, சாமியானாவை மறைத்தபடி நகர்ந்தது.

அப்போதுதான் தெருமுனையில் ஆட்டோ வந்து நின்றது. கஜபதியின் மகள் லோகநாயகி இறங்கினாள். அரக்கோணத்திலிருந்து வருகிறாள். மாவு மில்லுக்காரர் போனில் 'அப்பாவுக்கு உடம்பு சீரியஸ், உடனே வா' என்றுதான் சொல்லியிருந்தார். எல்லாச் சாவுக்கும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். அது எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் சொந்த அப்பா என்று வரும்போது சீரியஸ் என்றால் சீரியஸ் என்றுதான் எடுத்துக்கொள்ளத் தோன்றும்.

அவள் இருந்த இடத்திலிருந்து சாமியானா தெரியவில்லை. கார்தான் தெரிந்தது. செங்கல் மேல் நின்ற கார், அவளை நோக்கி, வெயிலில் நான்கு சக்கரமும் பளபளக்க, நகர்ந்து வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நாகப்பன் மாமா.

அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடிவந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"மாமா! அப்பா வீலு மாட்டிட்டாரா?"

பின்னால் தள்ளியவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். கார் இன்னும் இரண்டு முழம் தானாகவே உருண்டு நின்றது.

நாகப்பன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மாட்டிட்டாரும்மா" என்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவனுக்குப் பின்னால், கார் விலகிய இடத்தில், திறந்து கிடந்த கேட்டைப் பார்த்தாள். பச்சை ஓலை வேய்ந்த பாடை அங்கே சாய்த்து வைத்திருந்தது. பை தோளிலிருந்து நழுவி முழங்கையில் வந்து நின்றது. தாயம்மாள் ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. தலைக்கு எண்ணெய், சீயக்காய் வைத்தார்கள். குளிப்பாட்டினார்கள். அவருடைய பெரிய சட்டைகளில் ஒன்றைப் போட்டார்கள். அது இப்போதும் ஒரு சுற்றுப் பெரிதாகத்தான் இருந்தது. பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை நாகப்பன் அக்காவின் தோளில் போர்த்தினான். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாய்க்கரிசி போட்டார்கள். பாடை தலைவாசல் வழியாக, கால் முன்னால், இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விட்டு, வெளியே போயிற்று. காரைக் கடக்கும்போது தூக்கியிருந்த நான்கு பேரும் யாரும் சொல்லாமலே ஒரு நிமிஷம் நின்றார்கள்.

சுடுகாட்டில் லட்சுமணனை உட்கார வைத்து ஜெயராமன் தலையை மழித்தான். மீசையையும் எடுத்தான். தண்ணீர் ஊற்றிக் கத்தியைத் துடைத்து, பெட்டியில் வைக்கப் போனான். அவனுக்கு முன்னால் நாகப்பன் வந்து குந்தினான்.

"இன்னாண்ணே?"

"எனக்கு."

"மச்சான்காரருக்கு இந்தச் சடங்கு கிடையாதே. பங்காளிங்க மட்டுந்தான்."

"தல வேணாம். மீசை மட்டும்."

ஜெயராமன் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தான். டீக்கடைக் கோஷ்டி கொஞ்சம் தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் நின்றிருந்தது. பீடி பற்றவைத்த ஒருத்தர் தீக்குச்சியை அணைக்க மறந்து விரலைச் சுட்டுக்கொண்டார். நிஜாமுதீன் பாய் அவர்களிடமிருந்து பிரிந்து கிட்டே வந்தார்.

"நாகப்பா, வேணாம்பா" என்றார் மெல்ல. "தள்ளினதுதானே. ரெண்டு ரெண்டு நட்டுல. அதெல்லாம் ஓடினதுல சேராது. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்."

"நான் இன்னா சொன்னேன் பாய்? 'கேட்டைத் தாண்டினா'ன்னு சொன்னேன். ஓட்டினு தாண்டணும்னு சொல்லல. எத்தினி நட்டுன்னும் சொல்லல." நாகப்பன் முகத்தை ஜெயராமன் பக்கம் திருப்பிக்கொண்டான். "அளவுன்னா அளவு."

ஜெயராமன் உள்ளங்கையில் தண்ணீர் தொட்டு அவன் உதட்டுக்கு மேல் தடவினான். அந்தப் பக்கம் ஒரு முனை, இந்தப் பக்கம் ஒரு முனை. நல்ல கத்தி. தீட்டி ரொம்ப நாளாகத் தயாராக வைத்திருந்த கத்தி. வேப்பமரத்தடியில் யாரும் மூக்கால் மூச்சு விடவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனான். பெஞ்ச் இருந்த இடத்தைக் கழுவி விட்டு அங்கே விளக்கு ஏற்றியிருந்தார்கள். லோகநாயகி அம்மாவின் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போயிருந்தாள். ராணி தலையை நிமிர்த்தி, வந்தது யார் என்று தெரியாதவளைப் போல அவனைப் பார்த்தாள். பிறகு தெரிந்தது. முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். தோள் இரண்டு தடவை குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று அவன் கேட்கவில்லை.

"கொஞ்சம் இருக்கட்டும்னு உட்டிருக்கலாம்" என்றாள், முந்தானைக்குள்ளிருந்து.

அவன் வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே இரண்டு வருஷமாக வெயில் படாத மண், காரின் அளவுக்குக் கறுத்துக் கிடந்தது. கோழி அந்த இடத்தை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடந்து பார்த்துவிட்டு, திறந்திருந்த கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போய், காருக்கடியில் நுழைந்தது. தெருவிளக்கு வந்தது. சக்கரங்கள் தெரிந்தன.

நாகப்பனின் வலது கை தன்னாலே மேலே போயிற்று. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உதட்டோரத்தில் எதையோ பிடித்து முறுக்கப் பார்த்தன. அங்கே ஒன்றும் இல்லை. அவன் கொசுவை விரட்டுகிற மாதிரி கையை வீசிவிட்டு, முட்டியின் மேல் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் கை மறுபடியும் மேலே போயிற்று.